நல்ல கம்பெனியில் இருந்தும் சிலருக்கு வேலை ஏன் கசக்கிறது?

ஒரே கம்பெனி, ஒரே சம்பளம், ஆனாலும் ஒருவர் சந்தோஷமாக இருக்கிறார், இன்னொருவர் பேப்பர் போடத் தயாராக இருக்கிறார், ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் காரணம் மேனேஜர்தான். கம்பெனியின் கொள்கை காகிதத்தில் எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும். லீவு கேட்டால் முகம் சுளிப்பதா, அப்ரைசலில் உங்களுக்காக வாதாடுவதா, கிளையன்ட் கத்தும்போது பழியை உங்கள் தலையில் கட்டுவதா என்பதையெல்லாம் முடிவு செய்வது அந்த ஒரு ஆள்தான்.

கூகுள் இதைச் சோதித்தே பார்த்தது. 2002-இல் இன்ஜினியரிங் மேனேஜர்களே வேண்டாம் என்று எடுத்துவிட்டார்கள். செலவுக் கணக்கிலிருந்து ஆட்களுக்குள் வரும் சண்டை வரை எல்லாம் நேராக கூகுளின் நிறுவனர்களில் ஒருவரான லாரி பேஜிடம் போய் நின்றதில், சில மாதங்களிலேயே அதைக் கைவிட்டார்கள். அப்புறம் 'ப்ராஜெக்ட் ஆக்சிஜன்' என்ற ஆய்வில், ஊழியர்களின் கருத்துக்கணிப்பு, செயல்திறன் மதிப்பீடு எல்லாவற்றையும் அலசி, நல்ல மேனேஜர்களிடம் இருக்கும் எட்டு பழக்கங்களைப் பட்டியலிட்டார்கள். முதலில் வந்தது நல்ல பயிற்சியாளராக இருப்பது. அடுத்தது, டீமுக்கு அதிகாரம் கொடுத்துவிட்டு ஒவ்வொரு சின்ன விஷயத்திலும் மூக்கை நுழைக்காமல் இருப்பது. தொழில்நுட்ப அறிவு எட்டாவது இடத்தில்தான் வந்தது, அதுவும் இன்ஜினியர்கள் நிறைந்த ஒரு கம்பெனியில்! ஆனால் பல இடங்களில் இன்னமும் நன்றாகக் கோட் எழுதுகிறவரையே, ஆட்களை நடத்தத் தெரியுமா என்று பார்க்காமல், மேனேஜர் ஆக்கிவிடுகிறார்கள். எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது இதுதான்.

நீங்கள் வேலை மாறுவதாக இருந்தால், சம்பளம் பேசும் முன் யாருக்குக் கீழே வேலை செய்யப் போகிறீர்கள் என்று கேளுங்கள், முடிந்தால் அந்த டீமில் இருப்பவரிடம் தனியாகப் பேசிப் பாருங்கள்.