பாலிஷ் போட்ட கதவும் பூச்சு வேலையும்

கேள்வி: வீட்டில் டைல்ஸ் மாற்றிச் சுவர்களுக்கும் பூசவிருக்கிறோம். பாலிஷ் போட்ட கதவுகளையும் நிலைகளையும் கழற்ற வழியில்லை. பிளாஸ்டிக் தாளைச் சுற்றி டேப் ஒட்டினால் போதுமா?

பதில்: போதாது, சில வேளைகளில் அதுவே கேடாகவும் முடியும். தாள் மரத்தோடு ஒட்டிக் கிடந்தால், புதுப் பூச்சிலிருந்து வரும் ஈரம் உள்ளே சிக்கி, குறிப்பாக அரக்குப் பாலிஷில், வெண்மையான படலம் பூத்துவிடும். ஆகவே முதலில் பழைய பருத்தி விரிப்பைப் போர்த்தி, அதன்மேல் பிளாஸ்டிக்கைத் தளர்வாகத் தொங்கவிடுங்கள். சாமான்கள் இடிபடும் நிலை விளிம்புகளுக்கு இடுப்பளவு உயரம் வரை மடித்த அட்டை வேண்டும்.

டேப்பைப் பாலிஷின் மேல் ஒட்டாமல், எப்படியும் வண்ணம் அடிக்கப்போகும் சுவரில் ஒட்டுங்கள். தவிர்க்க முடியாத இடத்தில் காகித மாஸ்கிங் டேப்பை மட்டும் பயன்படுத்தி, நாள்கணக்கில் விட்டுவைக்காமல், மேற்பரப்போடு படிந்தவாறு பின்னோக்கி மெல்ல உரித்தெடுங்கள். பார்சல் டேப் கூடவே கூடாது. உரிக்கும்போது பாலிஷும் சேர்ந்து வந்துவிடும்.

நான் அதிகம் அஞ்சுவது சிமெண்ட் தெறிப்பையே. ஈரச் சிமெண்டின் காரம் பாலிஷை அரிக்கும். கீறல் வழியே இறங்கினால் சில மரங்களில் கருமை படரும். தெறித்த உடனே ஈரத்துணியால் ஒற்றியெடுத்து, உலர்ந்த துணியால் துடைத்துவிட வேண்டும்.

வேலை முடிந்ததும் உலர்ந்த துணியோடு பாய வேண்டாம். டைல்ஸ் அறுத்த தூளில் மணல் துகள்கள் இருப்பதால், தேய்த்தால் உப்புத்தாள் போலக் கீறும். மென்மையான தூரிகையாலோ வாக்குவம் கிளீனராலோ தூசியை அகற்றிய பின்னரே, நன்கு பிழிந்த துணியால் மர இழையின் போக்கில் துடையுங்கள்.