உள் அறையா, பால்கனி அறையா? கோத்தகிரியிலிருந்து ஒரு கடல் கேள்வி

கேள்வி: நான் ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியர், வயது 61. கோத்தகிரி பக்கம் இரண்டு ஏக்கர் தேயிலை இருக்கிறது. வரும் பிப்ரவரி இரண்டாவது வாரம் எங்களுக்குத் திருமணமாகி 35 ஆண்டு நிறைகிறது. சிங்கப்பூரில் கப்பல் ஏறி பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் 4 இரவுப் பயணம் போக ஆசை. இருவருக்கும் சேர்த்து ஜன்னல் இல்லாத உள் அறைக்கு 92,000 ரூபாய், பால்கனி அறைக்கு 1,34,000 ரூபாய் என்கிறார் ஏஜென்ட். முதிர்ந்த ஆர்.டி. பணம் 2,50,000 இதற்கென்றே இருக்கிறது. விமானம், விசா, சிங்கப்பூரில் 2 நாள் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். "தூங்கத்தானே அறை, உள் அறையே போதும்" என்கிறான் மகன். மனைவிக்கு முட்டி வலி, அதிகம் நடக்க முடியாது. அவளைக் கேட்டால், "எனக்கு உட்கார்ந்து கடலைப் பார்த்தா போதும்" என்கிறாள். பால்கனி எடுத்தால் குறைகிற பணத்துக்கு, தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவாத்துக்காக வைத்திருக்கும் 60,000-ல் கை வைக்கலாமா? இல்லை, கிரெடிட் கார்டு தவணையில் போடலாமா?

பதில்: கவாத்துப் பணத்தைத் தொடாதீர்கள், சார். மற்றதெல்லாம் அப்புறம். கவாத்து வெட்டிய செடியில் மூன்று நான்கு மாதம் இலை கிடைக்காது என்பது எனக்கு முன்பே உங்களுக்குத் தெரியும். அந்த மாதங்களில் உரத்துக்கும் ஆள் கூலிக்கும் அந்த 60,000-தான் கை கொடுக்கும். பச்சைத் தேயிலைக்கு மாதா மாதம் ஒரு விலை வருகிறது, அடுத்த மாதம் என்ன வரும் என்று யாரும் சொல்ல முடியாது. அப்படிப்பட்ட வருமானத்தை நம்பிக் கப்பல் ஏறக் கூடாது. கிரெடிட் கார்டும் வேண்டாம். வட்டியில்லாத் தவணை என்பார்கள், செயலாக்கக் கட்டணமும் அதன் மேல் ஜிஎஸ்டியும் தனியாக வரும். ஓய்வூதியத்தில் வாழும் வீட்டில், திரும்பி வந்த பிறகும் மாதா மாதம் கட்டிக்கொண்டிருக்கும் பயணம் நிம்மதி தராது.

சரி, அறைக்கு வருவோம். முதலில் உங்கள் மகன் சொல்கிற கணக்கைப் போட்டுப் பார்ப்போம், அதில் நியாயம் இருக்கிறது. எந்த அறை எடுத்தாலும் சாப்பாடு ஒன்றுதான். அரங்க நிகழ்ச்சி, நீச்சல் குளம், மேல்தளம், கப்பல் போகும் ஊர்கள் எல்லாம் ஒன்றுதான். 42,000 ரூபாய் வித்தியாசம் முழுக்க அந்தப் பால்கனிக்கு. அதில் எவ்வளவு நேரம் உட்காருவீர்கள்? சிங்கப்பூர் பக்கம் காலை ஏழு மணிவாக்கில் விடிந்து, மாலை ஏழு மணிவாக்கில் இருட்டிவிடும். இருட்டிய பிறகு பால்கனியில் நின்றால் கறுப்புதான் தெரியும். நம் ஊரில் லாட்ஜ் நடத்துகிறவர்களைக் கேளுங்கள்: மே மாதம் பள்ளத்தாக்கு தெரிகிற ரூமுக்குக் கூடுதலாக வாங்குகிறோம், மூடுபனி இறங்கிவிட்டால் எல்லா ரூமும் ஒரே ரூம்தான். அப்புறம் வெயில். மலாக்கா நீரிணையில் மதியம் 30 டிகிரியைத் தாண்டும், உடம்பெல்லாம் பிசுபிசுக்கும். ஆறாயிரம் அடி உயரத்தில் ஸ்வெட்டரோடு வாழ்கிற நமக்கு அந்தப் புழுக்கத்தில் அரை மணி நேரம் உட்காருவதே பெரிய பாடு.

ஆக, காலையில் ஒன்றரை மணி, மாலையில் ஒன்றரை மணி. நான்கு மாலை, மூன்று காலை என்று வைத்தால் பத்தரை மணி நேரம். முழு நாளும் கடலிலேயே போகும் கடைசி நாளில் கூடுதலாக மூன்றரை மணி. மொத்தம் 14 மணி நேரம். 42,000-ஐ 14-ஆல் வகுத்தால் மணிக்கு 3,000 ரூபாய். மேல்தளத்துக்கு ஏறிப் போய் இலவசமாகக் கடல் பார்க்கக் கூடியவர்களுக்கு இது வீண் செலவு. உங்கள் மகனும் மருமகளும் போவதாக இருந்தால், உள் அறை எடுங்கள் என்று யோசிக்காமல் சொல்லியிருப்பேன்.

ஆனால் போவது நீங்கள் இருவர். உங்கள் மனைவி கேட்டது ஒன்றே ஒன்று: உட்கார்ந்து கடலைப் பார்க்க வேண்டும். பெரிய கப்பலின் நடைபாதை ஒவ்வொன்றும் ஒரு தெரு நீளம். அறையிலிருந்து லிஃப்ட், லிஃப்டிலிருந்து மேல்தளம், அங்கே நிழலில் காலி நாற்காலி தேடி ஒரு நடை. முட்டி வலிக்காரருக்கு ஒரு நாளில் ஒரு தடவை முடியும், மூன்று தடவை முடியாது. புக்கெட்டில் சில கப்பல்கள் கரையில் அணையாமல் கடலிலேயே நங்கூரம் போட்டு, சின்னப் படகில்தான் ஆட்களை இறக்கும். ஆடுகிற படகில் கால் வைத்து இறங்க அவர் தயங்கினால், அன்று பகல் முழுவதும் கப்பலில்தான். அந்தப் பகலை அவர் எங்கே கழிப்பார்? ஜன்னல் இல்லாத அறையிலா?

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன் மும்பையிலிருந்து புறப்பட்ட ஒரு கப்பலில் என் அம்மாவைக் கூட்டிப் போனேன். ஊருக்கெல்லாம் பணக் கணக்கு சொல்கிறவன் என்பதால், இதே வகுத்தல் கணக்கைப் போட்டு உள் அறை எடுத்தேன். உள் அறையில் விளக்கை அணைத்தால் இரவும் பகலும் ஒரே இருட்டு. அம்மா நடுராத்திரி எழுந்து விடிந்துவிட்டது என்று நினைத்தார், சுவிட்சைத் தேடிக் கட்டிலில் முட்டிக்கொண்டார். நான் மேல்தளத்துக்கு வாங்க என்று கூப்பிடுவேன், அவர் கால் வலிக்கிறது, நீ போய்ட்டு வா என்பார். மூன்றாம் நாள் என்னிடம், "கடல் எங்கடா இருக்கு?" என்று கேட்டார். நிஜமாகவே கேட்டார். அன்று மிச்சம் பிடித்த பணம் எவ்வளவு என்பது இப்போது நினைவில் இல்லை. அந்தக் கேள்வி மட்டும் நினைவில் இருக்கிறது.

அதனால் உங்களுக்கு உள் அறை வேண்டாம் என்பதுதான் என் பதில். ஆனால் உடனே பால்கனிக்கு ஓடவும் வேண்டாம். ஏஜென்ட் உங்களிடம் சொல்லாத மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது: கடல் பார்த்த ஜன்னல் அறை. ஜன்னல் திறக்காது, காற்று வராது, ஆனால் ஏசியில் நாற்காலி போட்டுக் காலை முதல் மாலை வரை கடலைப் பார்க்கலாம். புழுக்கம் தாங்காத மலைக்காரர்களுக்கு ஒரு விதத்தில் பால்கனியை விட இதுவே வசதி. விலை பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவில் இருக்கும். இன்னொரு நன்மை, இந்த அறைகள் பல கப்பல்களில் கீழ்த்தளங்களில் இருக்கும். கப்பல் ஆடும்போது உயரமான தளங்களும் முன்பின் முனைகளும் அதிகம் ஆடும், நடுவில் தாழ்வாக இருக்கும் அறை குறைவாக ஆடும். வாந்தி வருகிற உடம்பு என்றால் இது முக்கியம். புதிய கப்பல்களில் பால்கனி அறைகளே அதிகம், ஜன்னல் அறைகள் கொஞ்சம்தான். அதனால்தான் கேட்டால் ஒழிய யாரும் சொல்வதில்லை. உள் அறையை விட 20,000 ரூபாய்க்குள் கூடுதலாகக் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். இல்லை என்று சொல்லிவிட்டால், பால்கனி எடுங்கள்.

பணம்? அதையும் போட்டுப் பார்த்தேன். கோவையிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம் இருக்கிறது, போக வர இருவருக்கும் 55,000 என்று வையுங்கள். விசா, பயணக் காப்பீடு 12,000. சிங்கப்பூரில் இரண்டு நாள் தங்கல், சாப்பாடு, வண்டி 45,000. கப்பல் ஊழியர்களுக்கான சேவைக் கட்டணம் என்று ஒன்று உண்டு, பல கம்பெனிகளில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 முதல் 20 டாலர் வரை கணக்கில் ஏற்றிவிடுவார்கள். நான்கு நாளுக்கு இருவருக்கும் 14,000 ஆகும். இறங்கிப் பார்க்கும் ஊர்களிலும் கப்பலிலும் கைச்செலவு 20,000. உள் அறையோடு கூட்டினால் 2,38,000, பால்கனியோடு 2,80,000. முப்பதாயிரம் உதைக்கிறது.

இந்த முப்பதாயிரத்தைப் பயணத்துக்குள்ளேயே தேட வேண்டும். சிங்கப்பூரில் இரண்டு நாள் என்பது யாருடைய ஆசை? நடக்க முடியாதவருக்கு அந்த ஊரில் முழு நாள் சுற்றுவது தண்டனை. ஒரு நாள் போதும், 21,000 மிச்சம். புக்கெட்டில் கப்பல் கம்பெனி விற்கும் பஸ் சுற்றுலாவை விட்டுவிட்டால் கைச்செலவில் இன்னும் 10,000 குறையும். 2,49,000-க்கு வந்துவிட்டோம். ஆனால் கையில் ஆயிரம் ரூபாயோடு வெளிநாட்டில் நிற்க உங்களை அனுப்ப மாட்டேன். பிப்ரவரிக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. ஓய்வூதியத்திலிருந்து மாதம் 2,500 எடுத்து வைத்தால் 20,000 அவசரத்துக்குக் கையில் இருக்கும். அதுவும் முடியாது என்றால், பயணத்தைத் தள்ளிப் போடுங்கள், உள் அறைக்கு இறங்காதீர்கள்.

தேதியையும் கொஞ்சம் நகர்த்திப் பாருங்கள். சீனப் புத்தாண்டு ஒவ்வொரு வருடமும் ஜனவரி 21-க்கும் பிப்ரவரி 20-க்கும் இடையில் வரும். அந்தச் சமயம் சிங்கப்பூரே விடுமுறையில் இருக்கும், கப்பல் விலையும் விமான விலையும் ஏறி நிற்கும். பிப்ரவரி கடைசி அல்லது மார்ச் முதல் வாரத்துக்கு விலை கேளுங்கள். நம் தோட்டங்களில் அப்போது இலை குறைவான காலம், புக்கெட் பக்கம் மழை இல்லாத காலம், கடலும் அமைதியாக இருக்கும். திருமண நாளன்று வீட்டில் பாயசம் வைத்துவிட்டு, மூன்று வாரம் கழித்துப் போனால் என்ன? இந்த ஒரு மாற்றத்திலேயே சிங்கப்பூரில் இரண்டாவது நாளுக்கான பணம் திரும்பக் கிடைத்தாலும் கிடைக்கும்.

பணம் கட்டுவதற்கு முன் ஏஜென்டிடம் சில விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள். 1,34,000 இருவருக்கும் சேர்த்துதானா? கப்பல் விளம்பரங்களில் போடுவது பெரும்பாலும் ஓர் ஆளின் விலை. துறைமுகக் கட்டணம் அதில் சேர்ந்ததா? அறை எண் என்ன? அறை எண் இல்லாமல் "கம்பெனி ஒதுக்கும் அறை" என்று மலிவாக ஒன்று தருவார்கள், அது உங்களுக்கு வேண்டாம். உங்கள் தேவை லிஃப்டுக்குப் பக்கத்தில், கப்பலின் நடுவில். தள வரைபடத்தைப் பார்த்து, ஜன்னலுக்கு முன்னால் உயிர்காப்புப் படகு தொங்குகிறதா என்றும் கேளுங்கள். படகின் முதுகைப் பார்க்கவா இவ்வளவு பணம்?

விமானம், கப்பல், ஹோட்டல் எல்லாவற்றையும் பேக்கேஜாக ஒரே இடத்தில் வாங்கினால் டிசிஎஸ் என்று ஒரு வரியைச் சேர்த்து வசூலிப்பார்கள். விகிதம் பட்ஜெட்டில் மாறிக்கொண்டே இருக்கிறது, கட்டும் நாளில் எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். அது செலவு இல்லை. உங்கள் பான் எண்ணின் வரிக் கணக்கில் ஏறும், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்ப வாங்கலாம். ஆனால் அதுவரை அந்தப் பணம் உங்கள் கையில் இருக்காது என்பதை நினைவில் வையுங்கள்.

காப்பீட்டில் கஞ்சத்தனம் வேண்டாம். விண்ணப்பத்தில் முட்டி வலி, சர்க்கரை, ரத்த அழுத்தம் எது இருந்தாலும் மறைக்காமல் எழுதுங்கள். கப்பல் மருத்துவர் டாலரில் பில் போடுவார், உள்ளூர் மெடிகிளைம் அங்கே உதவாது. கப்பல் கிளம்பியதும் போனை விமான முறையில் போட்டுவிடுங்கள், நடுக்கடல் ரோமிங் பில் அறை வாடகைக்குப் போட்டியாக வந்த கதைகள் உண்டு.

அறை எடுக்கும்போது இடது பக்கம் கிடைக்குமா என்று பாருங்கள். சிங்கப்பூரிலிருந்து வடமேற்காகப் போகும்போது மாலைச் சூரியன் அந்தப் பக்கம் கடலில் இறங்கும். திரும்பி வரும்போது காலைச் சூரியன் அதே பக்கம் எழும். நீங்கள் சீக்கிரம் எழுபவராக இருந்தால் உங்கள் மனைவியையும் எழுப்பிவிடுங்கள்.