ரத்த மாதிரியை வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் மெஷினான சென்ட்ரிஃப்யூஜுக்குள் ரத்த ட்யூப் உடைந்தால் உடனே திறக்கலாமா? எங்கள் லேபில் ஒரே மாதத்தில் மூன்று முறை உடைந்துவிட்டது. ரிப்போர்ட் தாமதமாகிறது, துடைத்துவிட்டு ஓட்டு என்கிறார் மேலாளர்.

திறக்காதீர்கள். மெஷினை நிறுத்திவிட்டு 30 நிமிடம் மூடியே வையுங்கள். திறந்த பிறகுதான் உடைந்தது தெரிந்ததா? உடனே மூடிவிட்டு அதே அரை மணி காத்திருங்கள். ரிப்போர்ட் தாமதமாகிறது, துடைத்துவிட்டு ஓட்டு என்று உங்கள் மேலாளர் சொன்னது தவறு. சுழலும்போது சிதறிய ரத்தம் கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகளாக உள்ளே மிதக்கும். மூடியைத் தூக்கினால் குனிந்து பார்ப்பவரின் மூக்குக்குத்தான் வரும்.

அப்புறம் தடித்த கையுறை, கண் காப்பு, முகக்கவசம், கோட் எல்லாம் போட்டுக்கொண்டு, சில்லுகளை இடுக்கியால் மட்டும் எடுங்கள். பக்கெட்டை, அதாவது ட்யூப்களைத் தாங்கும் உலோகக் கிண்ணத்தை, ப்ளீச்சில் ஊறப்போட வேண்டாம், உலோகம் அரிக்கும். அரிக்காத கிருமிநாசினி எது என்று மெஷின் கையேட்டில் இருக்கும்.

ஒரே மாதத்தில் மூன்று முறை உடைந்தது என்கிறீர்கள். எனக்குச் சந்தேகம் பக்கெட்டின் அடியில் இருக்கும் ரப்பர் மெத்தை மேல்தான். சுத்தம் செய்தபின் டார்ச் அடித்துப் பாருங்கள்: ரப்பர் கிழிந்திருக்கிறதா, பழைய சில்லு ஒன்று அதில் புதைந்திருக்கிறதா? மெத்தை சரியாக இருந்தால், எதிரெதிர் பக்கெட்டுகளை ட்யூபோடு தராசில் நிறுத்து, எடை சமமா என்று பாருங்கள். கண்ணளவு போதாது.

ஒன்று கவனம். காசநோய் சந்தேகமுள்ள மாதிரி என்றால் எல்லோரும் அறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். திரும்பிப் போக சாதாரண முகக்கவசம் போதாது, என்95 வேண்டும். சில்லு கையைக் கிழித்திருந்தால் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவி, உடனே மருத்துவரைப் பாருங்கள். எச்ஐவி தடுப்பு மருந்தைச் சில மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரம் தாண்டக் கூடாது.