வாசகர் கேள்வி – பதில்: தலைக்காயத்துக்குப் பின் மூளைக்குள் நடப்பவை

கேள்வி: விபத்தில் தலையில் அடிபட்ட என் உறவினர், மருத்துவமனையில் சேர்த்தபோது நன்றாகப் பேசிக்கொண்டிருந்தார். மறுநாள் நினைவு மங்கிவிட்டது. ஸ்கேனில் ரத்தக்கட்டு இல்லை, மூளை வீங்கியிருக்கிறது என்றார்கள். ஒரு நொடியில் பட்ட அடியின் பாதிப்பு மறுநாள் எப்படிக் கூடும்?

பதில்: தலைக்காயத்தில் மூளை இரண்டு கட்டங்களாகப் பாதிக்கப்படுகிறது. அடி விழும் கணத்தில் நேரும் சிதைவு முதலாவது. அதைத் தொடர்ந்து செல்களுக்குள் பல மணி நேரம், சில சமயம் பல நாட்கள் நீளும் வேதி மாற்றங்களால் விளைவது இரண்டாவது. நீங்கள் விவரிப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையாகவே இருக்கும்.

இதில் முதன்மைப் பங்கு கால்சியத்துக்கு உண்டு. நலமான நரம்பு செல்லுக்குள் கால்சியத்தின் அடர்த்தி, வெளியே இருப்பதில் ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். அந்த நிலையைக் காக்கச் செல் ஓயாமல் ஆற்றலைச் செலவிடுகிறது. அடிபட்டதும் குளுட்டமேட் என்னும் வேதிப்பொருள் அளவுக்கு மீறிச் சுரந்து, அக்கம்பக்கத்துச் செல்களின் வாயில்களைத் திறந்துவிட, கால்சியம் உள்ளே பாய்கிறது. அதை வெளியேற்றக் கூடுதல் ஆற்றல் தேவைப்படும் அதே நேரத்தில், செல்லுக்கு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் தளர்ந்துபோகின்றன.

கால்சியம் மிகுந்ததும் கால்பெய்ன் என்னும் நொதி முடுக்கம் பெறுகிறது. மற்ற நாட்களில் புரதங்களை அளவோடு கத்தரித்துச் செல்லைச் சீராக வைத்திருக்கும் நொதிதான் இது. கட்டுப்பாட்டை இழந்தால், செல்சவ்வுக்கு அடியில் வலைபோல் நின்று தாங்கும் ஸ்பெக்ட்ரின் புரதத்தையே வெட்டிவிடுகிறது. ஆக்ஸான் எனப்படும் நீண்ட நரம்பிழைகள் பலவும் அடிபட்ட கணத்தில் அறுவதில்லை. இழுபட்டு, உள்ளே பொருட்போக்குவரத்து தடைபட்டு, ஆங்காங்கே புடைத்து, பல மணி நேரம் கழித்தே துண்டாகின்றன. செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும்போது செயல்படும் கேஸ்பேஸ்-3 நொதியும் இதே ஸ்பெக்ட்ரினை வெட்டும், ஆனால் வேறிடத்தில். கால்பெய்ன் வெட்டினால் 145 கிலோடால்டன் (புரதத்தின் எடையைக் குறிக்கும் அலகு) துண்டும், கேஸ்பேஸ்-3 வெட்டினால் 120 கிலோடால்டன் துண்டும் மிஞ்சுவதால், எந்த நொதி வேலை செய்தது என்பதை மூளைத் தண்டுவடத் திரவத்திலிருந்தே ஆய்வாளர்களால் அறிய முடிகிறது. இத்தனை தெளிவான தடயம் மருத்துவ ஆய்வில் அரிது என்றே சொல்வேன்.

வீக்கத்துக்கு வேறு நொதிகள் துணைபோகின்றன. எம்எம்பி-9 என்பது ரத்தக்குழாய்ச் சுவரின் அடித்தளத்தை அரிப்பதால் திரவம் மூளைக்குள் கசிகிறது. நரம்பு செல்களைப் பேணும் ஆஸ்ட்ரோசைட்டுகளும் நீரை ஏற்று உப்புகின்றன.

கேள்வி: மூளைக்காயத்தை ரத்தப் பரிசோதனையில் அறிய முடியுமா?

பதில்: ஓரளவு முடியும். நரம்பு செல்களில் மிகுதியாக உள்ள யுசிஎச்-எல்1 என்னும் நொதியும், ஆஸ்ட்ரோசைட்டுகளின் ஜிஎஃப்ஏபி என்னும் புரதமும் காயத்துக்குப் பின் ரத்தத்தில் கலக்கின்றன. இவ்விரண்டையும் அளக்கும் பரிசோதனைக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018-இல் அனுமதி அளித்தது. லேசான தலைக்காயம் உள்ள பெரியவர்களுக்கு சிடி ஸ்கேன் தேவையா என்று முடிவெடுக்க இது உதவும். ஸ்கேனுக்கு மாற்று என்று கருத வேண்டாம்.

கேள்வி: வீக்கம்தான் சிக்கல் என்றால் ஸ்டீராய்டு கொடுத்து அடக்கலாமே?

பதில்: மருத்துவ உலகமும் நெடுங்காலம் அப்படித்தான் நம்பியது. பல நாடுகளில் 10,008 நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ‘கிராஷ்’ ஆய்வின் முடிவு 2004-இல் வெளிவந்தபோது, ஸ்டீராய்டு பெற்றவர்களில் 21 சதவீதத்தினரும் பெறாதவர்களில் 18 சதவீதத்தினரும் இரண்டு வாரங்களுக்குள் இறந்திருந்தனர். நன்மை செய்வதாக எண்ணிக் கொடுத்த மருந்து உயிரிழப்பைக் கூட்டியது என்பது வேதனையான உண்மை. ஸ்டீராய்டு அடக்குவது அழற்சியை; ஆனால் அழற்சி முழுவதும் தீங்கானதன்று. மூளையின் காவல் செல்களான மைக்ரோகிளியா நச்சுப்பொருட்களைச் சுரப்பதும் உண்டு, மடிந்த செல்களின் எச்சங்களை அகற்றி ஆறுவதற்கு வழிசெய்வதும் உண்டு. கால்பெய்னை நேரடியாகத் தடுக்கும் மருந்துகள் விலங்குகளிடம் ஆராயப்பட்டிருந்தாலும் வழக்கமான சிகிச்சைக்கு இன்னும் வரவில்லை. ஆகவே இன்றைய தீவிர சிகிச்சையில், ரத்த அழுத்தமும் ஆக்ஸிஜனும் குறையாமலும் மண்டைக்குள் அழுத்தம் ஏறாமலும் பார்த்துக்கொண்டு, தள்ளாடும் செல்கள் கால்சியத்தை வெளியேற்றத் தேவையான ஆற்றல் கிடைக்கச் செய்கிறார்கள்.