வயது கூடக் கூட சிறுவயது நட்பைப் பிடித்து வைத்திருப்பது அவசியமா?

அவசியம்தான். இப்படிக் கேட்கிறீர்கள் என்றால், உங்கள் கைபேசியில் ஒரு பெயர் இருக்கிறது, அதை அழுத்தத்தான் மனம் வரவில்லை என்று நினைக்கிறேன். இத்தனை வருஷம் கழித்துக் கூப்பிட்டால் கடன் கேட்கத்தான் என்று நினைத்துவிடுவானோ என்ற தயக்கம் எனக்கும் 14 வருடம் இருந்தது.

சின்ன வயதில் எனக்குத் திக்குவாய். வருகைப் பதிவின்போது நான் 'உள்ளேன் ஐயா' என்று சொல்வதற்குள் வகுப்பே சிரித்து முடித்திருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் மட்டும் சிரிக்க மாட்டான். என் வார்த்தையை அவனே சொல்லி முடிக்கவும் மாட்டான். பேசாமல் காத்திருப்பான். திக்குபவரை அவராகவே பேசி முடிக்க விடுங்கள் என்றுதான் பேச்சுப் பயிற்சி தருபவர்களும் சொல்கிறார்கள். எட்டு வயதில் அவனுக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை.

எங்களுக்குள் சண்டை எதுவும் கிடையாது. வேலை, கல்யாணம், பிள்ளைகள் என்று ஆளுக்கொரு பக்கம் போனோம். முதலில் மாதம் ஒருமுறை பேசினோம், அப்புறம் பிறந்தநாளுக்கு மட்டும், அப்புறம் அதுவும் நின்றுபோனது.

அம்மா இறந்த பிறகுதான் உறைத்தது. நான் ஒரே பிள்ளை. திக்கித் திக்கிப் பேசிய அந்தப் பையனை அறிந்தவர்களில் இனி மிச்சம் இவன் ஒருவன்தான். என் மனைவிக்குக்கூட அந்தப் பையனைத் தெரியாது.

கூப்பிட்டேன். குரலைக் கேட்டதும், 30 வருடமாக வராத திக்கல் வந்துவிட்டது. அவன் பெயரையே சொல்ல முடியவில்லை. மறுமுனையில் சத்தமே இல்லை. நான் முழுதாகச் சொல்லி முடித்த பிறகுதான் "சொல்லுடா" என்றான்.

ரொம்ப நாள் கழித்து நாம் விசாரிப்பதை எதிராளி எவ்வளவு விரும்புவார் என்பதை நாம் குறைத்தே எடைபோடுகிறோம் என்று பெக்கி லியு என்ற ஆய்வாளர் 2022இல் எழுதினார். புதிதாக ஒருவர் நெருங்கிய நண்பராவதற்கு 200 மணி நேரத்துக்கு மேல் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கும் என்பது ஜெஃப்ரி ஹால் என்ற இன்னொரு ஆய்வாளர் 2018இல் சொன்ன கணக்கு. ஐம்பது வயதில் அந்த நேரத்துக்கு எங்கே போவது? சிறுவயதில் அதை ஒரே கோடை விடுமுறையில் கழித்திருப்போம்.

'மனிதர்கள் மாறிவிடுவார்கள், பழையதைக் கட்டி அழ வேண்டாம்' என்று யாராவது சொல்வீர்கள். நியாயம்தான். உங்களை அடித்து அழ வைத்தவனையும் தேடிப் போங்கள் என்று நான் சொல்லவில்லை.

ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். போன வருடம் அவன் அம்மா இறந்துபோனார். விடுப்பு கேட்டபோது மேலதிகாரி "சொந்தமா?" என்றார். நண்பனின் அம்மா என்றேன். விதியில் அதற்கு இடமில்லையாம். வருடக்கணக்கில் எட்டிப் பார்க்காத தூரத்து உறவுக்கு இடம் இருக்கிறது, பசித்த நேரத்தில் எனக்கும் சேர்த்துச் சோறு போட்டவருக்கு இல்லை. இதை எழுதும்போதும் கோபம் வருகிறது. சம்பளத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

என்னைப் பார்த்ததும் அவன் ஏதோ சொல்ல வந்தான். குரல் வரவில்லை. பக்கத்தில் பேசாமல் நின்றுகொண்டிருந்தேன்.