ஜெயிச்சுக்கிட்டே இருந்தாங்க, பேப்பர் மட்டும் இளைச்சுக்கிட்டே போச்சு

"போர்க்காலத்துல வந்த பேப்பர் தலைப்புகள்ல இப்ப படிச்சா சிரிப்பு வர்றது எது?"ன்னு கேட்டிருக்கீங்க. எனக்கு யோசிக்கவே வேண்டாம், இரண்டாம் உலகப்போர் நேரத்து ஜப்பான் பேப்பருங்கதான்.

நான் டோக்கியோ பக்கத்துல கவாசாகில சாஃப்ட்வேர் வேலை பாக்குறேன். வந்த புதுசுல ஒரு மீட்டிங், ஒரு வெண்டர் வந்து எல்லாம் ப்ளான்படி போகுதுன்னு ஸ்லைடு மேல ஸ்லைடா காட்டிட்டு போனார், அவர் வெளிய போனதும் பக்கத்துல இருந்த சீனியர் மெதுவா "தைஹோன்எய் ஹாப்யோ"ன்னார். எல்லாரும் குபீர்னு சிரிச்சுட்டாங்க, எனக்கு மட்டும் புரியல. அப்புறம் அவரே சொன்னார், போர் சமயத்துல ராணுவத் தலைமையகம் விட்ட அறிவிப்புக்கு அதான் பேராம், அதை பேப்பர்காரங்க அப்படியே கொட்டை எழுத்துல போடுவாங்களாம், இன்னைக்கும் யாராவது மேலிடத்துல இருந்து நம்ப முடியாத கதை விட்டா ஜப்பான்காரங்க இந்த வார்த்தையதான் சொல்றாங்க.

அதுல இருந்து எனக்கு ஒரு பைத்தியம் பிடிச்ச மாதிரி, லீவு நாள்ல லைப்ரரிக்கு போய் பழைய பேப்பரை சின்ன சைஸ்ல அச்சடிச்சு பைண்ட் பண்ணி வச்சிருக்கிற தொகுப்புகளை எடுத்து வச்சு படிக்க ஆரம்பிச்சேன்.

முதல்ல சிரிச்சது 1943 பிப்ரவரி பேப்பருக்கு. பசிபிக் கடல்ல இருக்கிற குவாடல்கனால் தீவுல அமெரிக்காவோட சண்டை போட்டு ஜப்பான் வீரர்கள் 20,000 பேருக்கு மேல செத்து, அதுல பாதிக்கு மேல பசியிலயும் நோயிலயும், மிச்சம் இருந்த 10,000 சொச்சம் பேரை ராத்திரியோட ராத்திரியா கப்பல்ல ஏத்திக் கூட்டிட்டு வந்தாங்க. இதுக்கு பேப்பர்ல என்ன வார்த்தை தெரியுமா, "தென்ஷின்", அதாவது வேற பக்கம் திரும்பி முன்னேறுறது! வந்த வேலை முடிஞ்சதாம், அதனால வேற திசையில முன்னேறிட்டாங்களாம். குப்புற விழுந்தாலும் மீசையில மண் ஒட்டலைன்னு நம்ம ஊர்ல சொல்வோமே, அதுக்கு ராணுவமே ஒரு கலைச்சொல் கண்டுபிடிச்ச மாதிரி இருந்துச்சு.

அதுக்கு முந்தின வருஷம் பசிபிக் கடல்ல மிட்வே தீவுகிட்ட நடந்த சண்டை. ஜப்பானோட நாலு விமானந்தாங்கி கப்பல் போச்சு, ஆனா 1942 ஜூன் அறிவிப்புல ஒண்ணு போச்சு, இன்னொண்ணுக்கு பலத்த சேதம், அவ்வளவுதான். அமெரிக்காவுக்கு போனது ஒண்ணு, அதை ரெண்டுன்னு போட்டாங்க. சரி, திரும்பி வந்த மாலுமிங்க வாய் திறந்தா? காயம்பட்டவங்களை யார் கண்ணுலயும் படாம ஆஸ்பத்திரியில தனியா அடைச்சு வச்சாங்க. முழுப் பூசணிக்காயை சோத்துல மறைக்கிறதுக்கும் இவ்ளோ ஏற்பாடு தேவைப்படுது.

ஆனா இதுக்கெல்லாம் உச்சம்னா அது 1944 அக்டோபர்ல தைவான் பக்கம் நடந்த வான்சண்டைதான். எதிரியோட விமானந்தாங்கி கப்பல் 11, போர்க்கப்பல் 2 மூழ்கடிச்சாச்சுன்னு அறிவிப்பு, அதுபோக இன்னும் எட்டு விமானந்தாங்கிக்கு சேதமாம். அந்தப் பக்கத்தை பாத்தீங்கன்னா தலைப்பு எழுத்து அவ்வளவு தடி, எனக்கே ஒரு நிமிஷம் இவங்க ஜெயிச்சிட்டாங்களோன்னு தோணுச்சு. நெசத்துல மூழ்கினது எத்தனை தெரியுமா? ஒண்ணுகூட இல்ல, ரெண்டு க்ரூசர் ரகப் போர்க்கப்பல்தான் நல்லா அடி வாங்குச்சு. அமெரிக்க அட்மிரல் ஹால்ஸி இதைக் கேட்டுட்டு ஒரு செய்தி அனுப்பினார் பாருங்க, டோக்கியோ ரேடியோ மூழ்கினதா சொன்ன என் கப்பல்களை எல்லாம் தூக்கி எடுத்தாச்சு, இப்ப எதிரியை நோக்கி முழு வேகத்துல பின்வாங்கிட்டு இருக்கோம்னு. லைப்ரரில உக்காந்து சத்தமா சிரிச்சுட்டேன், ரெண்டு மூணு பேர் திரும்பிப் பாத்தாங்க.

எப்படி இப்படி ஆச்சுன்னு தேடிப் படிச்சப்பதான் சிரிப்பு நின்னுச்சு. சரியா ட்ரெயினிங் முடியாத சின்னப் பசங்களை ராத்திரியில அனுப்பியிருக்காங்க, இருட்டுல கடல் மேல எரிஞ்ச தீயை எல்லாம் எதிரி கப்பல்னு எண்ணியிருக்காங்க, அதுல பலதும் சுடப்பட்டு விழுந்த அவங்க கூட்டாளிங்களோட விமானமே. 300 விமானத்துக்கு மேல போச்சு. கொஞ்ச நாள்லயே எதிரி கப்பல்கள் மிதக்குறது கடற்படைக்கு தெரிஞ்சும் தரைப்படைகிட்ட சொல்லல. தரைப்படையும் பேப்பர் படிச்ச ஜனங்க மாதிரியே நம்பிக்கிட்டு, எதிரி பலம் போச்சுன்னு, பிலிப்பைன்ஸ்ல லூசான் தீவுல சண்டை போட வச்சிருந்த ப்ளானை மாத்தி அங்கயே இருக்கிற லெய்ட்டே தீவுக்கு ஆளை அனுப்புச்சு. அங்க போனவங்கள்ல பெரும்பாலானவங்க திரும்பல. ஒரு பொய் தலைப்பு ஊரை ஏமாத்துறது ஒரு பக்கம், அதை எழுதிக் கொடுத்தவனோட படையையே கொண்டு போய் சாகடிச்சது பாருங்க, அதை என்னால தாங்கவே முடியல.

இன்னொண்ணு, தொகுப்பை கையில எடுத்தாலே தெரியும். வருஷம் போகப் போக தலைப்பு பெருசாகுது, பேப்பர் இளைக்குது. 1944 மார்ச்ல சாயங்காலப் பதிப்பு நின்னுச்சு, நவம்பர்ல தினமும் ரெண்டே பக்கம், அதாவது ஒத்தத் தாள். காகிதம் இல்ல. அந்த ஒத்தத் தாள்லயும் வெற்றிதான்!

நேர்மையா எழுதினவங்க இல்லாம இல்ல. 1944 பிப்ரவரி 23, மைனிச்சி பேப்பர்ல ஜனங்க கையில மூங்கில் ஈட்டியை கொடுத்து சண்டைக்கு பழக்கிட்டு இருந்த நேரத்துல, மூங்கில் ஈட்டி போதாது, விமானம் வேணும்னு ஒருத்தர் எழுதினார். பிரதமர் டோஜோவுக்கு கோபம் தலைக்கேறி, 37 வயசு நிருபர், அவரை பட்டாளத்துக்கு பிடிச்சிட்டு போயிட்டாங்க. அந்த மனுஷனை நெனைச்சா கையெடுத்துக் கும்பிடணும் போல இருக்கு.

1945 ஆகஸ்ட் 8 பேப்பரையும் பாத்தேன். ஹிரோஷிமா செய்தி. புது வகை குண்டு, "கணிசமான சேதம்". அன்னைக்கு மூடி வச்சிட்டு வீட்டுக்கு வந்துட்டேன்.

இதையெல்லாம் அந்த சீனியர்கிட்ட சொன்னேன். அவர் அம்மா அப்ப ஸ்கூல் படிச்ச பொண்ணாம். அமெரிக்காவோட போர் ஆரம்பிச்ச 1941 டிசம்பர் 8லேயே வானிலை செய்தியை ராணுவ ரகசியம்னு நிறுத்திட்டாங்களாம், நாளைக்கு மழை வருமான்னுகூட யாருக்கும் சொல்ல மாட்டாங்க. மூணு வருஷம் எட்டு மாசம் கழிச்சு 1945 ஆகஸ்ட் 22ல ரேடியோல மறுபடி வானிலை வந்துச்சாம். சரணடையுறோம்னு சக்கரவர்த்தி ரேடியோல பேசினப்பகூட எனக்கு பாதி புரியல, வானிலை கேட்டப்பதான் சண்டை முடிஞ்சதுன்னு நம்பினேன்னு அந்தம்மா கடைசி வரைக்கும் சொல்லுவாங்களாம்.