கேள்வி-பதில்: ஒட்டிய ஊர், ஒட்டாத விலை

கேள்வி: பிரான்ஸின் பொர்தோ ஒயின் பகுதியில் செயின்ட் எமிலியோனும் பொமரோலும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். இரண்டிலும் பெரும்பாலும் மெர்லோ திராட்சைதான். பொமரோல் மட்டும் ஏன் யானை விலை?

பதில்: பொமரோலில் தோட்டம் மொத்தமே சுமார் 800 ஹெக்டேர். செயின்ட் எமிலியோனில் 5,000க்கும் மேல். சரக்கு குறைவு, கேட்பவர்கள் அதிகம். பொமரோல் மேட்டின் களிமண்ணில் விளைவது வாயில் கனமாக, வழவழப்பாக இறங்கும். செயின்ட் எமிலியோனில் சுண்ணாம்புப் பாறை, சரளை, மணல் எல்லாம் உண்டு, கபர்னே ஃபிரான் திராட்சையும் சேரும். ஊர்ப் பெயரை மட்டும் வைத்து ருசியைச் சொல்ல முடியாது. ஒப்பிட்டுப் பார்க்க ஒரே ஆண்டின் பாட்டில்களாக வாங்குங்கள். விலை கையைக் கடித்தால், பார்பான் ஓடைக்கு வடக்கே லலாந்த் த பொமரோல் இருக்கிறது.

கேள்வி: பொமரோலில் முதல் தரம் என்று பட்டியலிடப்பட்டவை எவை?

பதில்: பட்டியலே கிடையாது. பொமரோலின் பேர்பெற்ற பண்ணையான பெத்ரூஸுக்கும் தரச் சான்று இல்லை.

கேள்வி: சுற்றுலா போன இடத்தில் ‘செயின்ட் எமிலியோன் க்ரான் க்ரு’ வாங்கினேன். அரசு தேர்ந்தெடுத்த உச்சத் தரம் என்றார் கடைக்காரர். வீட்டுக்கு வந்ததும் அப்படி இல்லை என்கிறார்கள். ஏமாந்தேனா?

பதில்: ஏமாற்றப்பட்டீர்கள். உங்கள் மேல் தப்பில்லை. இந்த இரண்டு வார்த்தை மேல் எனக்குப் பழைய கோபம். பிரான்ஸின் இன்னொரு ஒயின் பகுதியான பர்கண்டியில் க்ரான் க்ரு என்றால் உச்சத்தில் உள்ள குறிப்பிட்ட தோட்டங்கள். இங்கே அதே பெயர், மகசூல் வரம்பு கொஞ்சம் இறுக்கம், பாட்டிலில் அடைக்குமுன் கூடுதல் காலம், அவ்வளவுதான். தரப் பட்டியலில் இருப்பவை ‘க்ளாசே’ என்று முடியும். 2022 பட்டியலில் 85 பண்ணைகள். அதிலும் வேடிக்கை, உச்சியில் இருந்த ஓசோனும் ஷெவால் பிளாங்கும் அதற்கு முன்பே தாங்களாகவே விலகிவிட்டன! பாமர வாங்குபவர் என்னதான் செய்வார்? பில் இருந்தால் சிக்னல்கோன்சோ என்ற பிரெஞ்சு அரசுத் தளத்தில் புகார் போடுங்கள். பதக்க ஸ்டிக்கரையும் நம்பாதீர்கள். அதை நம்பி நான் வாங்கியது கடைசியில் மாட்டிறைச்சி வேகத்தான் உதவியது.

கேள்வி: இணையத்தில் ஒரு டஜன் செயின்ட் எமிலியோன் வாங்கினேன். லேபிளில் ‘மொந்தாஞ் செயின்ட் எமிலியோன்’ என்று இருக்கிறது. மோசடிதானே? எட்டு பாட்டில் முடிந்துவிட்டது.

பதில்: மொந்தாஞ் பக்கத்து ஊர், தனிப் பெயர், விலையும் குறைவு. விற்பனைப் பக்கத்திலும் முழுப் பெயர் இருந்திருந்தால் மோசடி எங்கே? ஐரோப்பிய ஒன்றியத்தில் வாங்கியிருந்தால், திறக்காத பெட்டியை 14 நாளுக்குள் திருப்பியிருக்கலாம். எட்டைக் குடித்துவிட்டு எட்டாவதில்தான் லேபிளைப் படித்தீர்களா? மிச்சம் நான்கையும் நீங்களே குடியுங்கள்.